சுண்ணாம்புக்குப் பின்னால்

அத்தியாயம் 17

“மத்தியானத்துக்குள்ள ரெண்டு பூச்சு விழணும். கொழும்புலருந்து வர்றவரு பாக்குறப்ப வீடு வீடா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு முத்துலிங்கம் கடைப் பக்கம் போய்விட்டார்.

நாகலெட்சுமி வாளியில் சுண்ணாம்புக் கற்களைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். சீறியது, கொதித்தது, அடங்கியது. ஒரு சிட்டிகை நீலம் தூவிக் கட்டையால் கலக்கினாள். கை தானாகவே சுற்றிக்கொண்டிருந்தது. ஏழு பொங்கலுக்கு இதே வாளியில் சுண்ணாம்பு கலக்கிய கை அது.

ஆனால் இது தை அல்ல, ஆடி. ஹட்டன் கடைவீதியின் தகரக் கூரைகள் மீது பதினொரு நாளாக மழை கொட்டிக்கொண்டிருந்தது. விறகு எரியாமல் புகைந்தது. உப்பு கரைந்து சாடியின் அடியில் நீராய் நின்றது. உடுத்திய சேலை உடம்பின் சூட்டிலேயே உலர வேண்டியிருந்தது.

அவள் களைத்திருந்தாள். உறங்கி எழுந்தால் தீருகிற களைப்பு அல்ல அது.

திங்கட்கிழமை முற்பகலில் சாமி அறையின் பின்சுவர் சரிந்தது. மலையை வெட்டிச் சமன்செய்த மண்மேட்டை இடுப்பளவுக்கு முதுகில் தாங்கி, கொல்லையை ஒட்டி நின்ற சுவர். மேட்டின் உச்சியிலிருக்கும் நகரசபை டேங்கியிலிருந்து இறங்கும் தண்ணீர்ப் பைப்பு அந்தச் சுவருக்குள் புதைந்துதான் சமையலறைக்குப் போனது. சுவரும் பைப்பும் சேர்ந்தே போயின. அடுத்த அறையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த துணிப் பொதிகள் அத்தனையும் நனைந்தன. சமையலறையில் இருந்த நாகலெட்சுமி கேட்டது ஒரே ஓசை. தண்ணீர் சீறியது முந்தியா, கல் சரிந்தது முந்தியா என்று அவளுக்கே தெரியாது.

‘இன்சூரன்ஸ் இருக்கு’ என்ற ஒரே நம்பிக்கையில் மூன்று நாள் கழிந்தது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டில், கடைவீதியில் இரண்டு கடைகள் எரிந்து கரியானபோது, பயந்துபோய் எடுத்த பொலிசி. அந்த உறைக்குள்தான் நேற்று மகள் பூரணி இன்னொரு தாளையும் கண்டாள். மனு எழுதித் தரும் பெட்டிஷன்காரரை வைத்து ஆங்கிலத்தில் எழுதிக் கம்பெனிக்கு அவள் தகப்பன் அனுப்பிய கடிதத்தின் நகல் அது.

‘நகரசபைக் குழாய்த் தொழிலாளி சின்னத்தம்பி சென்ற மாதம் எங்கள் சாமி அறைச் சுவரைத் திறந்து ஜாயிண்ட் மாற்றினான். அவன் சரியாகப் போடாத ஜாயிண்ட் கழன்றே பைப்பு திடீரென்று வெடித்தது’ என்று அதில் இருந்தது.

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்னத்தம்பி சென்ற மாதம் வந்தது உண்மை. கொல்லைப்புறத்துக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டுப் போனான். சாமி அறைக்குள் அவன் வரவில்லை. எந்த மாதத்திலும் வந்ததில்லை.

“ஐயையோ மதினி! வாளியக் கீழ வையிங்க!”

குடையை மடக்காமலே உள்ளே ஓடி வந்தான் கணேசமூர்த்தி. நானுஓயா தொடங்கி மஸ்கெலியா வரை வீடு வீடாக ஏறி இன்சூரன்ஸ் விற்கிற ஏஜெண்டு. முத்துலிங்கத்திடம் கையெழுத்து வாங்கியவனும் அவனே.

“வர்றவரு பாத்து எழுதுற வரைக்கும் சேதமான எடத்துல ஒரு கல்லு அசையப்புடாது. வெள்ளையடிச்சு வச்சீங்கன்னா, பொண்ணு பாக்கக் கூப்புட்டிருக்காங்கன்னு நெனச்சு அவரு பலகாரம் கேப்பாரு!”

சத்தம் கேட்டு முத்துலிங்கம் வந்தார். மூன்று இரவாகக் கடை மேசை மீது படுத்து எழுந்த உடம்பு, கண்கள் சிவந்திருந்தன.

“அலங்கோலமாக் கெடக்குற சாமி ரூமையா அவருக்குக் காட்டச் சொல்ற?”

“அலங்கோலத்துக்குத்தான் அண்ணே கம்பெனி காசு குடுக்குது. அழகுக்கு இல்ல.”

“என்னத்துக்குக் குடுக்குது, என்னத்துக்குக் குடுக்காதுன்னு இன்னைக்காவது தெரிஞ்சுக்குவோம். பூரணி, அதக் கொண்டா.”

பூரணி பொலிசியை விரித்தாள். ஹட்டனிலேயே படித்து எஸ்.எஸ்.ஸி. தேறியவள், அந்த வீட்டில் ஆங்கிலம் அறிந்த ஒரே ஆள். இரண்டு ஆண்டாக இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்த தாள் அது. ஆயுத பூசைதோறும் அதற்குச் சந்தனம் வைத்தார்கள், குங்குமம் வைத்தார்கள், படிக்க மட்டும் இல்லை. புரியாத மொழியில் இருப்பதைப் பூட்டி வைத்துப் பொட்டிட்டு வணங்குவது நமக்குப் புதிய பழக்கமா என்ன?

“பைப்போ டேங்கியோ திடீர்னு வெடிச்சு வர்ற தண்ணிக்கு உண்டு அப்பா.”

“அதத்தானே நானும் எழுதியிருக்கேன்!”

“பொறுங்க. புயல் அடிச்சுக் கூரையப் பிச்சு, அந்த வழியா மழ எறங்குனா உண்டு. கூரை முன்னாடியே ஓட்டையா இருந்து எறங்குனா இல்ல.”

“ஓட்டைக்கு வயசு பாப்பானுங்களா?”

“பாப்பாங்க. ஆறு, ஓடை பெருகி வர்ற வெள்ளத்துக்கு இல்ல. அதுக்குத் தனியாச் சேத்திருக்கணும்.”

“நான் அன்னைக்கே கேட்டேன்ல அண்ணே?” என்றான் கணேசமூர்த்தி. “‘மல மேல இருக்குற வீட்டுக்கு வெள்ளமாடா, பைத்தியக்காரா’ன்னு சிரிச்சீங்க.”

“சரி, மண்ணு சரிஞ்சா?”

“இல்ல” என்றாள் பூரணி. அடுத்த வரியில் அவள் விரல் நின்றது. குரல் இறங்கியது. “நாள்பட்ட கசிவு, ஊத்து, பழுது பாக்காம விட்டது, இதுனால வர்ற எந்தச் சேதத்துக்கும் இல்ல. அப்புடி ஈரம் இருக்குன்னு தெரிஞ்சும் சொல்லாம மறைச்சிருந்தா பொலிசியே செல்லாது.”

கூரையில் மழை இரைந்தது.

“இம்புட்டுமா அதுல எழுதியிருக்கு?” என்று கேட்டான் கணேசமூர்த்தி.

“நீதானேடா வித்த!”

“வித்தவன்தான் அண்ணே. படிச்சவன் இல்ல.”

வேறொரு நாளாக இருந்தால் நாகலெட்சுமி சிரித்திருப்பாள். இன்று வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்றால் தண்ணீர்தான் என்று இத்தனை காலம் எண்ணியிருந்தவள் அவள். குழாயில் வந்தாலும் கூரையில் வந்தாலும் மண்ணில் ஊறி வந்தாலும் நனைவது ஒரே சேலைதான். ஆனால் எங்கோ ஒரு மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் தண்ணீரையும் பிரித்து வைத்திருந்தார்கள். இந்தத் தண்ணீர் வரலாம், அந்தத் தண்ணீர் வாசலோடு நிற்கட்டும்! வந்த வழி என்ன, பிறந்த இடம் எது என்று தண்ணீரைக் கேட்கிறார்கள். அவளுக்கு அது அதிசயமாகப் படவில்லை. மனிதர்களை அப்படிக் கேட்டுப் பழகிய வீடுதானே இது?

கணேசமூர்த்தி, வருகிறவரை ரயிலடியில் எதிர்கொள்ளப் புறப்பட்டான். பூரணி கடையைப் பார்க்கப் போனாள். இடிந்த சுவரின் முன்னே கணவனும் மனைவியும் நின்றார்கள். சாமிப் படங்களைக் கழற்றி நடுவீட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். சட்டங்களிலிருந்து இன்னும் நீர் சொட்டியது.

“அவரு ஒன்னையத்தான் கேப்பாரு” என்றார் முத்துலிங்கம். “அன்னைக்கு வீட்ல இருந்தவ நீ. சின்னத்தம்பி உள்ள வந்து வேல செஞ்சான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

“சொன்னா அவரு வேல போயிரும்ங்க.”

“நகரசபை வேல அவ்வளவு லேசுல போகாது. ஒரு மாசம் நிப்பாட்டி வப்பான். பெறகு சேத்துக்குவான்.”

“வேலையோட, குடியிருக்குற நகரசபை லயத்துக் காம்பராவும் போகும். அஞ்சு புள்ளைங்க. அவரு பொஞ்சாதி காளியாயிக்கு இப்பத்தான் காச்சல் விட்டிருக்கு.”

“நமக்கு? நமக்கு என்ன இருக்கு, சொல்லு!” அவர் சட்டையைத் தோளிலிருந்து இழுத்துக் காட்டினார். இருபது ஆண்டு துணி மூட்டை சுமந்த தழும்பு அங்கே கறுத்துத் தடித்திருந்தது. “தோட்டம் தோட்டமா, லயம் லயமா ஏறி எறங்கி இந்த வீட்ட வாங்கினேன். சுவத்த எழுப்பாட்டி அடுத்த மழையில மேடு முழுக்க உள்ள வந்துரும். துணியும் போச்சு. கம்பெனி கைய விரிச்சா, மறுபடி மூட்டையத் தூக்கணும். இந்த வயசுல என்னால ஏற முடியாது, நாகு.”

அவர் நாகு என்று அழைத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் குரலில் வஞ்சம் இல்லை. அலுத்துப்போன ஒரு மனிதனின் பயம் மட்டுமே இருந்தது. அதனாலேயே அவளால் உடனே மறுத்துப் பேச முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முந்திய ஒரு பகல் அவள் நினைவில் நின்றது. சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சின்னத்தம்பி கொல்லைப்புறத்தில் சுவரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“அம்மா, கசிவு இந்தப் பக்கம் இல்லீங்க. ஜாயிண்ட்டு சுவத்துக்குள்ள, ஒங்க சாமி ரூமு பக்கமா இருக்கு. உள்ள வந்து ஒரு சாண் ஒடச்சிப் பாத்தா நிப்பாட்டிப்புடலாம். இப்ப ஒரு சாண். விட்டா சுவரே போகும்.”

கேட்டுக்கொண்டிருந்த முத்துலிங்கம் சிரித்தார். “சாமி ரூமுக்குள்ள நீயா? நல்லாருக்குடா கத! வெளிய என்ன முடியுமோ அதச் செஞ்சுட்டுப் போ.”

சின்னத்தம்பிக்கு அவரைவிட ஆறேழு வயது மூப்பு. ஆனாலும் ‘டா’. அவனுடைய லயத்துக்கே போய், அவன் மனைவியின் கையிலேயே சேலையைக் கொடுத்துக் காசு வாங்கியவர்தான் முத்துலிங்கம். அந்தக் காசு இந்த வீட்டு இரும்புப் பெட்டி வரை வந்தது; சாமி உண்டியல் வரைக்கும் வந்தது. அந்தக் கால்கள்தாம் கொல்லையைத் தாண்டக் கூடாது!

ஈரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு தெரியவில்லை. அது யாரையும் கேட்காமல் அதற்கும் முன்பே சாமி அறைக்குள் குடியேறியிருந்தது. அதை நிறுத்தத் தெரிந்த கைகள் கொல்லைப்புறத்தில் நின்றன. நிறுத்தத் தெரியாத கைகள் உள்ளே சுண்ணாம்பு கலக்கின. ஆண்டுக்கொரு முறை மார்கழிக் கடைசியில் பழுப்புத் திட்டு ஒன்று சுவரில் தலைகாட்டும். தைப்பொங்கலுக்கு உறவினர் வருமுன் அதன் மேல் ஒரு வெள்ளை விழும். கறை பெருக்கப் பெருக்க நீலத்தையும் சற்றுக் கூட்டுவாள். அவளைத் தவிர அந்தத் திட்டை ஏறெடுத்துப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் இல்லை. பொலிசி எடுத்தபோது, ‘வீட்ல ஈரம் கீரம் உண்டா?’ என்று கணேசமூர்த்தி கேட்டான். ‘நல்லாப் பாத்துக்க!’ என்று பெருமையோடு பளிச்சென்ற சுவரைக் காட்டினார் முத்துலிங்கம். அவள் காப்பி எடுத்து வந்தவள், வாய் திறக்காமல் தம்ளரை வைத்துவிட்டுப் போனாள்.

“என்ன, சொல்லுவியா?” என்று கேட்டார் முத்துலிங்கம்.

“தலைய வலிக்குதுங்க” என்றாள் நாகலெட்சுமி.

இரண்டு மணிக்கு, சேதத்தைப் பார்த்து எழுதக் கம்பெனி அனுப்பிய ரத்னாயக்க வந்தார். குட்டையான, பொறுமையான மனிதர். தோல் பை, நனைந்த சப்பாத்து. பண்டாரவளையில் வேலை பார்த்த நாளில் பழகிய தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். நாற்காலியில் உட்காரவில்லை, தேநீரையும் பிறகு என்றார். நேரே இடிபாட்டின் மீது ஏறினார்.

“வர்ற வழியில நகரசபைக்குப் போனேன். இந்த லைன் தெரிஞ்ச ஆளைக் கேட்டேன். அவரை இங்க வரச் சொல்லி வச்சிருக்கேன்.”

முத்துலிங்கத்தின் முகம் மாறியது. அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். சுவர் விழுந்த வெட்டவெளிக்கு அப்பால், கொல்லையில், சாக்கின் கீழே சின்னத்தம்பி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறானோ! நடுவில் சுவர் இல்லை. எட்டி ஓர் அடி வைத்தால் அறைக்குள் வந்துவிடலாம். ஆனாலும் சுவர் இருந்த கோட்டுக்கு வெளியிலேயே அவன் கால்கள் நின்றன.

ரத்னாயக்க பேனாக்கத்தியை விரித்து, விழாமல் நின்ற சுவரின் மூலையில் மெல்லக் கீறினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு பொருக்கு கையோடு வந்தது. அதன் விளிம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“நோனா” என்று நாகலெட்சுமியை அழைத்தார். “பாருங்க. வெள்ளை. மண் நிறம். வெள்ளை. மறுபடி மண் நிறம்.” கத்தி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார். “ஏழு. ஏழு தரம் ஈரம் வந்திருக்கு. ஏழு தரம் மேல பூசியிருக்கு.”

“பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறது எங்க வழக்கம் மாத்தியா” என்றார் முத்துலிங்கம் அவசரமாக. “ஏழையும் அடிப்பான், பணக்காரனும் அடிப்பான்.”

“வழக்கம் நல்லது. இடையில இருக்கிற மண் நிறமும் வழக்கமா?”

கணேசமூர்த்தி தன் குடையின் கைப்பிடியை ஆராய்ந்தான்.

ரத்னாயக்க பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். “இதுல வேற மாதிரி இருக்கு. போன மாசம் இந்தச் சுவரை உள்பக்கமாத் திறந்து, அந்த ஆள் ஜாயிண்ட் போட்டதா இருக்கு. நோனா, நீங்க வீட்ல இருந்தவங்க. அவர் இந்த அறைக்குள்ள வந்து வேலை செஞ்சாரா?”

முத்துலிங்கம் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கட்டளை இருந்தது, கெஞ்சலும் இருந்தது. பூரணி கடைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். கொல்லையில் நின்றவன் எதையும் கெஞ்சவில்லை. தலையில் இருந்த சாக்கைச் சற்றே உயர்த்திக்கொண்டான், அவ்வளவுதான்.

எத்தனை பேருக்காக எத்தனை நாள் பூசுவது? நாகலெட்சுமிக்குக் கோபம் வரவில்லை. வீரம் வரவில்லை. இன்னொரு வாளி கலக்கத் தெம்பில்லை. அதுதான் அவளுக்குத் தெரிந்த உண்மை.

“இல்லீங்க” என்றாள். “இந்த ரூமுக்குள்ள அவரு காலு வச்சதே கெடையாது. நாங்க விட்டதில்ல.”

“நாகு!”

“மூணு வருஷத்துக்கு முன்னாடியே சொன்னாருங்க. ஜாயிண்ட்டு உள்பக்கம் கசியுது, வந்து ஒடச்சிப் பாக்கணும்னு. உள்ள விடல. சாமி ரூமுன்னு விடல. அதுக்கு முன்னாடியும் பெறகும் வருஷா வருஷம் கறை வந்துச்சு. நாந்தான் பூசுனேன். அவுங்களுக்குக் கறை தெரியாது. நான் தெரியவிட்டதில்ல. மறைச்சது யாருன்னு எழுதணும்னா என் பேர எழுதிக்கிங்க.”

முத்துலிங்கம் பின்னால் கைநீட்டிச் சுவரைத் தேடினார். அந்தப் பக்கம் சுவர் இல்லை. அப்படியே இடிபாட்டின் மீது உட்கார்ந்துவிட்டார்.

ரத்னாயக்க எழுதினார். எழுதி முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னும் ஒண்ணு வேணும். உடைஞ்ச பைப்போட நுனி. தட்டாம, நெளிக்காம எடுக்கணும். அது பழைய துருவுல போச்சா, அன்னைக்குத் திடீர்னு பிளந்துச்சா, அந்த நுனி சொல்லும்.”

“அந்தப் பக்கம் நின்னுக்கிட்டே எடுக்கலாம்ல?” என்றார் முத்துலிங்கம், தலை நிமிராமலே.

“முடியாதுங்க மொதலாளி” என்றான் சின்னத்தம்பி. அன்று அவன் பேசிய முதல் பேச்சு அதுதான். “இந்தப் பக்கம் மிதிச்சா மண்ணு சரியும். உள்ள நின்னுதான் எடுக்கணும். மூணு வருஷத்துக்கு முன்னாடியும் அப்புடித்தான்.”

நாகலெட்சுமி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். “அந்த வழியா வேணாம். கடை வாசலாச் சுத்தி வாங்க” என்றாள்.

‘வாங்க.’ அந்தச் சொல் அந்த வீட்டிலிருந்து அந்த மனிதரை நோக்கிப் போனது அதுவே முதல் தடவை.

வீதியைச் சுற்றிக்கொண்டு அவர் வந்தார். ஆம், வந்தார் என்றே எழுதுவோம். கடை வாசலில் சாக்கை உதறி மடித்து, அதிலேயே கால்களைத் துடைத்தார். துணி மேசையைக் கடந்தார். சாய்த்து வைத்த சாமிப் படங்களைக் கடந்தார். எந்தப் படத்தின் கண்ணாடியும் விரிசல் விடவில்லை. எந்தச் சாமியும் எழுந்து வெளியே ஓடவில்லை. மழைதான் கொஞ்சம் விட்டிருந்தது.

மண்டியிட்டு, ஒவ்வொரு கல்லாகக் கையால் அகற்றினார். கால் மணி நேரம் ஆனது. பிறகு முழ நீளத்துக்கு ஒரு பைப்பைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் தூக்கி ரத்னாயக்கவிடம் நீட்டினார். நுனியில் முக்கால் வட்டம் கறுத்துப் பொரிந்த துரு. கால் வட்டம் மட்டும் புது இரும்பாய்ப் பளிச்சிட்டது.

“ரெண்டும் இருக்கு” என்று பெருமூச்சு விட்டார் ரத்னாயக்க. “ரொம்ப நாள் கசிஞ்சிருக்கு. அன்னைக்குப் பிளந்தும் இருக்கு. கசிவுல சுவர் போச்சுன்னா சுவருக்கு இல்ல. பிளந்த தண்ணியில துணி நனைஞ்சதுன்னா துணிக்கு இருக்கலாம். ‘இருக்கலாம்’. ஈரத்தை மறைச்சதுக்காகப் பொலிசியே இல்லன்னும் சொல்லலாம். முடிவு சொல்ற ஆள் நான் இல்ல. இதைக் கொழும்புக்குக் கொண்டு போறேன்.” பைப்புத் துண்டைச் செய்தித்தாளில் சுற்றினார். “நோனா சொன்னது எழுதியாச்சு. ஆனா உங்க கடிதமும் என்கிட்ட இருக்கு முதலாளி. ஒண்ணு மெய், ஒண்ணு பொய். நாலு மணி ரயில் வரைக்கும் ஹட்டன்ல இருப்பேன்.”

அவர் கடைப் பக்கம் போய் நாற்காலியில் அமர்ந்தார். அப்போதுதான் தேநீர் கேட்டார்.

சின்னத்தம்பி எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். போகவில்லை.

“மொதலாளி, அந்தக் கடுதாசி இந்த ஐயாவுக்கு மட்டும் வரலீங்க. நகரசபைக்கும் ஒண்ணு வந்திருக்கு. காலையில ஓவர்சியர் வாசிச்சுக் காட்டுனாரு. நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம், விசாரிச்சு முடிச்சதும் சொல்றோம்னுட்டாரு.”

நாகலெட்சுமி கணவனைப் பார்த்தாள். நகரசபைக்கும் ஒன்று போனதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவர் அவள் பக்கமே திரும்பவில்லை.

“அது தெரிஞ்சுமா இங்க வந்து பைப்ப எடுத்துக் குடுத்தீங்க?” என்று கேட்டாள் பூரணி.

“வேலையின்னு கூப்புட்டாங்க பாப்பா. வந்தேன்.” அவர் மீண்டும் முத்துலிங்கத்தை நோக்கினார். “நான் இந்த ரூமுக்குள்ள வந்து வேல செஞ்சதா அதுல எழுதியிருக்கு. இன்னைக்குத்தாங்க மொத தடவ வந்திருக்கேன். அத எழுதிக் குடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

கோபமில்லாத குரல். அது முத்துலிங்கத்தின் மீது அந்தச் சுவரைவிடக் கனமாக விழுந்தது. எழுதிக் கொடுத்தால், கம்பெனிக்குப் பொய் எழுதியவர் என்று தாமே கையொப்பம் இடுவதாகும். துணிக்குக் கிடைக்கக்கூடிய அந்த ‘இருக்கலாமும்’ போய்விடலாம். எழுதாவிட்டால், நாளை ஒரு லயத்துக் காம்பராவில் அடுப்பு எரியாது.

பூரணி கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். நின்றபடியே, கடை மேசையில் குனிந்து எழுதினாள். ஆறே வரி. கொண்டுவந்து தகப்பனின் மடியில் வைத்து, மூடி கழற்றிய பேனாவையும் அவர் விரல்களுக்கிடையே வைத்தாள்.

நாகலெட்சுமி சுண்ணாம்பு வாளியைத் தூக்கிப் போய்க் கொல்லை வாய்க்காலில் கவிழ்த்தாள். வெள்ளை நீர் மண்ணோடு கலந்து மங்கி ஓடியது. திரும்பி வந்தபோதும் முத்துலிங்கம் அதே கல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். பேனாவின் முனை காய்ந்துகொண்டிருந்தது. முன்கடையில் ரத்னாயக்க தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதுல என்ன எழுதியிருக்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்றார் முத்துலிங்கம், மகளைப் பார்க்காமல். “பொலிசி மாதிரி இதுவும் நீ வாசிச்சாத்தானே உண்டு?”

“இல்லப்பா” என்றாள் பூரணி. “தமிழ்லதான் எழுதியிருக்கேன். நீங்களே படிக்கலாம்.”